யாஸ்மின் எடுக்காமல் போன படம்

சுபாங் ஜெயா, யு.எஸ்.ஜே. 22-இல் உள்ள முஸ்லிம் மையவாடியில் அடங்கியிருக்கிறார் இயக்குநர் யாஸ்மின் அஹ்மத். பெட்ரோனாஸ் தீபாவளி விளம்பரங்களால் நம் வீட்டுக் கூடங்களுக்குள் வந்தவர். 2009 ஜூலை 25-இல் காலமானபோது வயது 51. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் அவருடைய கடைசிப் படமான ‘டேலன்டைம்’ திரைக்கு வந்திருந்தது.

பள்ளித் திறன் போட்டிதான் கதை என்பார்கள். எனக்கு அது இழவு வீட்டுப் படம். காது கேளாத தமிழ்ப் பையன் மகேஷின் தாய்மாமன் கணேஷுக்குக் கல்யாண ஏற்பாடு நடக்கிறது. பக்கத்து முஸ்லிம் வீட்டில் சாவு. சத்தத்தில் தொடங்கிய தகராறில் மாப்பிள்ளையே கொலையாகிறார். 2001-இல் கம்போங் மேடான் இனக்கலவரமும், ஒரு கல்யாணமும் ஒரு சாவும் அருகருகே நேர்ந்த இடத்தில்தான் மூண்டது என்பதை கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் மறக்கவில்லை.

தம்பியைப் பறிகொடுத்த அக்காளின் ஆத்திரம் முழுக்க மகன் விரும்பும் மலாய்ப் பெண் மெலூர் மீது பாய்கிறது. அந்தத் தாயை யாஸ்மின் வில்லியாக்கவில்லை. மகேஷ் சைகையால் மன்றாடும்போது, அவனுக்காகவும் அழுகிறோம், அவளுக்காகவும் அழுகிறோம். மலேசியத் தமிழ்க் குடும்பத்தின் துக்கத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது மூவாரில் பிறந்த ஒரு மலாய்ப் பெண்மணி என்பதில் நம் படக்காரர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் வரலாம், தப்பில்லை.

கடைசியில், தாயை இழந்த போட்டியாளன் ஹபீஸ் மேடையில் பாடுகிறான். அவனைக் கண்டாலே ஆகாத சக போட்டியாளன் காஹோ, எர்ஹு என்ற சீன நரம்பு வாத்தியத்தோடு வந்து பக்கத்தில் அமர்ந்து வாசிக்கிறான். வசனமே கிடையாது.

அடுத்து அவர் எடுக்க நினைத்தது ‘வசுரெனகுசா’. யாஸ்மினின் பாட்டி ஜப்பானியர். அந்த வேரைத் தேடி ஜப்பான் போகும் பேத்தியின் கதை அது. படப்பிடிப்புக்கு முன்பே யாஸ்மின் போய்விட்டார்.

அந்தக் கதை நமக்கும் உண்டு. ஆனால் நாம் திரும்ப வேண்டிய ஊர் கடலுக்கு அப்பால் மட்டும் இல்லை. சுபாங் ஜெயாவே சீபீல்டு தோட்டத்தின் மீது எழுந்த நகரம். தோட்டம் போய்விட்டது; யு.எஸ்.ஜே. 25-இல் மாரியம்மன் கோயில் நிற்கிறது. தாத்தா பால்மரம் சீவிய நிரையில் இன்று யாரோ கார் நிறுத்துகிறார்கள். ‘செம்மண் சாலை’யும் (2005) ‘ஜகாட்’டும் (2015) தோட்ட வாழ்க்கையையும், அதை இழந்தவர்களையும் காட்டிவிட்டன. அங்கே திரும்பிப் போகும் பேரப்பிள்ளையின் கதையை இங்குள்ள இளம் இயக்குநர்கள் எடுக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்; அவர்களிடம் கேட்டு எழுத இதுதான் நேரம்.