இரவு இருமலும் இயோசினோபில் அணுக்களும்

பகலில் ஓரளவு சுகமாக நடமாடிவிட்டு, நள்ளிரவு கடந்ததும் மூச்சிரைத்து, வறட்டு இருமலால் உறங்க இயலாமல் எழுந்து உட்கார்ந்துவிடும் ஒருவரை ஆஸ்துமாக்காரர் என்றோ, எக்ஸ்ரே படத்தில் சிறு புள்ளிகள் தென்பட்டால் க்ஷயரோகி என்றோ முடிவு கட்டிவிடுவது எளிது. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் க்ஷயரோக ஆசுபத்திரியின் பிரிமோட்-மோலர், பார்ட்டன் என்னும் வைத்தியர்கள், க்ஷயத்தைப் போலவே தோன்றியும் க்ஷயமல்லாத இத்தகைய நோயொன்றில், இயோசினோபில் என்ற வெள்ளணுக்கள் இரத்தத்தில் அபரிமிதமாகப் பெருகியிருப்பதை 1940-ல் எழுதி வெளியிட்டார்கள். 1943-ல் வைன்கார்ட்டன் இதற்கு உஷ்ணப்பிரதேச இயோசினோபிலியா என்று பெயரிட்டார்.

இந்நோய்க்கு மூலம் யானைக்கால் புழுக்களே. கொசு கடித்துச் சரீரத்தில் புகுந்த அப்புழுக்கள் ஈனும் நுண்குஞ்சுகள், பெரும்பாலோரிடத்தில் இரத்தத்தோடு கலந்து சஞ்சரிக்க, மிகச் சிலரிடத்தில் மட்டும் உடலின் எதிர்ப்புச் சக்தி உக்கிரம் கொண்டு அவற்றை நுரையீரலின் நுண்குழல்களிலேயே மடக்கி அழித்துவிடுவதால், நள்ளிரவில் எடுத்த இரத்தத்திலும் அவை அகப்படுவதில்லை.

ஈயோசின் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் நோக்கினால், இரு மடல்களாகப் பிரிந்த உட்கருவைச் சூழ்ந்து செந்நிறத் துகள்கள் நிறைந்து தோன்றும் இயோசினோபில் அணுக்கள், ஆரோக்கியமானவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் பொதுவாக 500-க்கு மேற்படா. இந்நோயிலோ 3,000-ஐத் தாண்டுகின்றன. அத்துகள்களில் அடங்கிய புரதங்கள் புழுவைக் கொல்லும் விஷமாயினும், பகையைத் தேடி வந்த சேனை தன் ஊரையே கொளுத்தியதுபோல், சுவாசக் குழாயின் மெல்லிய உட்சுவரையும் அவை புண்படுத்துகின்றன. 1980-களில் சென்னையில் ஆராய்ந்தவர்கள், இந்நோயாளிகளின் நுரையீரலுக்குள் உப்பு நீரைச் செலுத்தி, கழுவி எடுத்த நீரைச் சோதித்தபோது, சாதாரணமாக இயோசினோபில்கள் அரிதாகவே காணப்படும் அவ்விடத்தில், அகப்பட்ட அணுக்களில் ஏறக்குறைய பாதி அவையாகவே இருந்ததையும், அவற்றுள் பல தம் துகள்களை ஏற்கெனவே கொட்டிவிட்டிருந்ததையும் கண்டார்கள்.

டைஎத்தில்கார்பமசின் மருந்தை மூன்று வாரம் உட்கொண்டால் பெரும்பாலோருக்கு இருமல் விரைவில் தணிகிறது. ஆயினும், சிலரிடத்தில் லேசான அழற்சி சிகிச்சைக்குப் பின்னும் நீடிப்பதும், காலந்தாழ்த்தினால் நுரையீரலில் தழும்பு நார் படர்ந்து, இழந்த சுவாச சக்தி முழுமையாக மீளாமற் போவதும் அனுபவத்தில் கண்டவை. ஆதலால், யானைக்கால் நோய் உலவும் ஊர்களில் வாழ்வோர், வாரக்கணக்கில் தொடரும் இரவு இருமலுக்குத் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்காமல், க்ஷயத்திற்கான சளிப் பரிசோதனையோடு இயோசினோபில் எண்ணிக்கையையும் வைத்தியரைக் கொண்டு காலத்தே பார்த்துக்கொள்வது அவசியம். சொற்பச் செலவில் முடியும் அந்தச் சோதனை, ஆயுள் முழுதும் உழைக்கவேண்டிய நுரையீரலைக் காக்கும்.