அகதிகள் நட்ட கொடிகள்: பரோஸாவில் ஒரு குடும்பத் தோட்டத்தில் தங்கி வருவது எப்படி?



விடுமுறை என்றால் கடற்கரை, கோவில், இனசனத்தார் வீடு. எமது குடும்பங்களின் பயணப் பட்டியல் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். வைன் தோட்டம் என்றதும் "அது குடிக்கிற ஆக்கள் போற இடம்" என்று ஒதுக்கி விடுகிறோம். இந்த மாத உரையில் அந்த எண்ணத்தைச் சற்று மாற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நான் சொல்லப்போகும் இடம் தெற்கு அவுஸ்திரேலியாவில், அடிலெய்ட் நகரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கும் பரோஸா பள்ளத்தாக்கு. அதைத் தெரிவு செய்ததற்குக் காரணம் ஒன்றுதான். அங்குள்ள பழைய தோட்டங்களில் பலவற்றுக்கு முதற்கொடி நட்டவர்கள் எங்களைப் போலவே கப்பலேறி வந்த அகதிகள்.

யார் இவர்கள்?

அந்நாளைய பிரஷ்ய நாட்டின் மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம், தம் நாட்டிலிருந்த இரண்டு புரட்டஸ்தாந்து சபைகளை 1817 இல் ஒன்றாக்கினார். பிறகு எல்லாரும் ஒரே வழிபாட்டு முறையைத்தான் பின்பற்ற வேண்டும் என்று வற்புறுத்தினார். பழைய லூத்தரன் முறையை விட மறுத்த போதகர்கள் சிறை சென்றார்கள், மக்கள் தண்டம் கட்டினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஆகஸ்ட் காவல் என்ற போதகரின் தலைமையில் 1838 இல் தெற்கு அவுஸ்திரேலியா வந்து சேர்ந்தனர். பயணச் செலவுக்குப் பணம் கடனாகக் கொடுத்தவர் ஜோர்ஜ் ஃபைஃப் ஆங்கஸ் என்ற ஆங்கிலேய வர்த்தகர். ஆக, கையில் கடனோடுதான் அவர்கள் கரையிறங்கினார்கள். இந்த வசனத்தை எமது நேயர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1842 இல் பரோஸாவில் பெத்தனி என்ற முதற் கிராமம் உருவானது. ஒரே தெருவில் வரிசையாக வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நீளமாக ஓடும் ஒடுங்கிய காணித்துண்டு. ஊரில் இருந்த அதே அமைப்பை அவர்கள் இங்கும் போட்டுக்கொண்டார்கள். இன்றும் அந்தத் தெருவில் நடந்தால் அதன் ஒழுங்கை விளங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் மறக்காமல் சொல்ல வேண்டும். அது வெறுங்காணியாக இருக்கவில்லை. பெராமாங்க், நாட்ஜுரி, கௌர்ணா ஆகிய ஆதிக்குடி மக்களின் நிலம் அது. அடைக்கலம் தேடி வந்தவர்கள் ஊன்றிய இடத்தில் வேறொருவர் இடம்பெயர்க்கப்பட்டார். இந்த வரலாற்றையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நாம் அங்கு போக வேண்டும்.

கொடியின் கணக்கு

யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்று நாம் சொல்லும் திராட்சையைப் பந்தலில் படர விட்டுத்தான் பார்த்திருக்கிறோம். பரோஸாவின் மிகப் பழைய கொடிகளுக்குப் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. கறுத்து முறுகிய அடிமரத்தோடு, குட்டை மரம்போல் தனித்தனியாக நிற்கின்றன. லாங்மெயில் என்ற இடத்தில் கிறிஸ்டியன் அவுரிக்ட் என்ற கொல்லர் 1843 இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. அதிலிருந்து வரும் வைனுக்கு "சுதந்திரம் 1843" என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். அவுரிக்டும் பிரஷ்யாவிலிருந்து தப்பி வந்தவர்தான்.

இத்தனை வயதுக் கொடிகள் ஐரோப்பாவிலேயே அரிது. ஃபிலொக்சீரா என்ற, வேரைத் தின்னும் பூச்சி 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. விக்டோரியாவில் 1877 இல் ஜீலோங்கில் அது கண்டுபிடிக்கப்பட்டது. தெற்கு அவுஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை வரவில்லை. அதனால்தான் அங்குள்ள கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

பூச்சி விட்டதை மனிதர் விடவில்லை. 1980களின் நடுப்பகுதியில் திராட்சை மிதமிஞ்சி, விலை விழுந்தபோது, கொடிகளைப் பிடுங்கினால் பணம் தருவதாக அரசே திட்டம் கொண்டுவந்தது. பல பழைய தோட்டங்கள் அப்போது மறைந்தன. பிடுங்காமல் பொறுத்திருந்த குடும்பங்களின் கொடிகள்தான் இன்று பரோஸாவின் பெருமை. 2009 இல் வெளியான பரோஸா பழங்கொடிச் சாசனம் கொடிகளை வயதுப்படி நான்காகப் பிரிக்கிறது: 35 வயதைத் தாண்டியது "பழங்கொடி", 70 "தப்பிப் பிழைத்தது", 100 "நூற்றாண்டுக் கொடி", 125 "மூதாதை".

என் தொழிலில் இயந்திரம், கட்டடம் எதுவானாலும் ஆண்டுக்காண்டு தேய்மானம் எழுதுவோம். வயது ஏற ஏற மதிப்புக் கூடும் சொத்துக்கள் சிலவே. நல்ல நிலத்தில் நிற்கும் பழைய கொடி அதில் ஒன்று. நட்டவர் அந்த மதிப்பைக் காணமாட்டார், பேரப்பிள்ளைதான் காண்பார்.

குடும்பப் பெயரா, குடும்பச் சொத்தா?

போத்தலில் ஒரு குடும்பத்தின் பெயர் இருப்பதால் மட்டும் அது அக்குடும்பத்தின் சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். 1847 இல் ஜோஹான் கிராம்ப் ஜேக்கப்ஸ் கிரீக் ஓடைக்கரையில் நட்ட தோட்டத்திலிருந்து வளர்ந்த நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் குடும்பத்தின் கையை விட்டுப் போய், பிறகு பல கைகள் மாறிவிட்டது. 1851 இல் தொடங்கிய செப்பெல்ட்ஸ்ஃபீல்டும் இன்று செப்பெல்ட் குடும்பத்தினுடையது அல்ல. மாறாக, 1849 இல் சாமுவேல் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய யலும்பா இன்னும் அவருடைய வாரிசுகளிடமே இருக்கிறது. ஹென்ஷ்கி குடும்பம் 1868 முதல் தலைமுறை தலைமுறையாக வைன் செய்து வருகிறது.

வைன் தாமே செய்யாமல் திராட்சையை மட்டும் விற்று வாழும் குடும்பங்களும் அங்கு ஏராளம். 1970களின் இறுதியில் பெரிய நிறுவனங்கள் திராட்சை வாங்க மறுத்தபோது, பீட்டர் லேமன் என்ற வைன் தயாரிப்பாளர் தோட்டக்காரருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காகவே 1979 இல் தனி நிறுவனம் தொடங்கினார். அவர் பெயரை இன்றும் அங்கு மரியாதையோடு சொல்வார்கள்.

ஏன் வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள்?

சிறு தோட்டக்காரர் ஒரு போத்தலைக் கடைக்கு விற்றால் மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் தங்கள் பங்கை எடுப்பார்கள். அரசு மொத்த விலையில் 29 வீதம் வைன் வரியும், அதற்கு மேல் 10 வீதம் ஜீஎஸ்ரியும் விதிக்கிறது. சிறு தயாரிப்பாளருக்கு வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனாலும், "செல்லர் டோர்" எனப்படும் தோட்டத்து விற்பனை அறையில் நேரே விற்கும் போத்தலில்தான் அவருக்கு உண்மையான லாபம் நிற்கிறது. 2021 இல் சீனா அவுஸ்திரேலிய வைனுக்கு 218 வீதம் வரை தீர்வை விதித்தது. 2024 மார்ச்சில் அது நீக்கப்படும் வரை, ஏற்றுமதியை மட்டும் நம்பியிருந்தவர்கள் பெரும் அடி வாங்கினார்கள். பழைய வேலையாள் குடிலைத் திருத்தி விருந்தினருக்கு விடுவதன் காரணம் இப்போது விளங்கும். விளைச்சல் பொய்த்தாலும் விலை விழுந்தாலும் வீட்டு வாடகை வரும். நீங்கள் அங்கு கழிக்கும் இரண்டு இரவுகள் ஒரு குடும்பம் காணியை விற்காமல் இருக்க உதவுகின்றன.

போகுமுன் அறிய வேண்டியவை

*காலம்:* அறுவடை பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை. பார்க்க மிக நல்ல காலம். ஆனால் இரவிலும் இயந்திரம் ஓடும், வீட்டுக்காரருக்குக் கதைக்க நேரம் இருக்காது. ஆறுதலாகக் கதைக்க விரும்பினால் கொடி வெட்டும் குளிர்காலத்தில் போங்கள்.

*பழங்கள்:* மெல்பேணிலிருந்து காரில் போகிறவர்கள் தக்காளி, பச்சை மிளகாய், மாம்பழம் என்று கட்டிக்கொண்டு போகாதீர்கள். பழ ஈயைத் தடுப்பதற்காகத் தெற்கு அவுஸ்திரேலியாவுக்குள் இவற்றைக் கொண்டுசெல்லத் தடை உண்டு, தண்டமும் உண்டு. அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

*சப்பாத்து:* யாரா பள்ளத்தாக்கில் 2006 இல் ஃபிலொக்சீரா கண்டுபிடிக்கப்பட்டது. அங்குள்ள தோட்டத்தில் மிதித்த சப்பாத்தோடு பரோஸாவின் கொடிகளுக்குள் இறங்கினால் மண்ணோடு பூச்சியும் போகக்கூடும். 180 வருடக் கொடிக்கு அது மரணம். அனுமதி கேட்காமல் கொடி வரிசைக்குள் நடக்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

*சுவைத்தல்:* சிறு கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தருவார்கள். அதைத் துப்புவதற்குப் பாத்திரமும் வைத்திருப்பார்கள். துப்புவது அங்கு மரியாதைக் குறைவு அல்ல, முறை. பரோஸா ஷிராஸ் பெரும்பாலும் 14 வீதத்துக்கு மேல் மதுச்சத்து உடையது. இப்படி ஐந்து சுவைப்புகளை விழுங்கினாலே ஒரு முழுக் கிளாஸ் குடித்த கணக்கு. கார் ஓட்டுபவரின் எல்லை 0.05. எல் பலகை, பீ பலகைக்காரருக்குப் பூச்சியம். ஆகவே ஓட்டுபவர் தொடாமல் இருப்பதே நல்லது. கட்டணம் எவ்வளவு, போத்தல் வாங்கினால் அதைக் கழிப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

*குடிக்காதவர்கள்:* "நாங்கள் குடிப்பதில்லை, தோட்டத்தையும் நிலவறையையும் பார்க்க விரும்புகிறோம்" என்று பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். அம்மம்மாவும் பிள்ளைகளும் வருகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். சனிக்கிழமை காலையில் ஆங்காஸ்டனில் விவசாயிகள் சந்தை கூடும். தனுந்தாவில் 1924 முதல் இயங்கும் பேக்கரியின் பாண் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

*சமையல்:* குசினியுள்ள குடில்தானா என்று கேட்டுப் பதியுங்கள். நாட்டுப்புறத்தில் பெரும்பாலும் மழைநீர்த் தொட்டியும் மலக்குழியுமே. பொரித்த எண்ணெயைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். தாளிக்கு முன் ஜன்னலைத் திறவுங்கள். கோடையில் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் வெளியே அடுப்பு மூட்டக்கூடாது.

என்ன கேட்க வேண்டும்?

வைனின் வாசனையைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "இந்தக் காணி எப்படி உங்கள் கைக்கு வந்தது? உங்களுக்குப் பிறகு யார்?" என்று கேளுங்கள். நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் தோட்டத்தைக் கொடுத்தால் மற்ற மூவருக்கு என்ன நியாயம் என்பது அங்கு ஒவ்வொரு தலைமுறையும் கடக்க வேண்டிய கேள்வி. கடை, வீடு என்று சேர்த்து வைத்திருக்கும் எமது குடும்பங்களில் இதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியவர்கள் எத்தனை பேர்?

மொழியைப் பற்றியும் கேளுங்கள். முதலாம் உலகப் போரின்போது, 1917 இல், தெற்கு அவுஸ்திரேலியாவின் 49 லூத்தரன் பாடசாலைகள் மூடப்பட்டன. அதே காலத்தில் ஜேர்மன் ஊர்ப்பெயர்களை மாற்றச் சட்டம் வந்தது. கைசர்ஸ்டூல் மலை கிச்சனர் மலையானது. பிற்பாடு பழைய பெயர் திரும்பி வந்தது. வீட்டுமொழி மட்டும் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. இன்று பரோஸாவில் ஜேர்மன் பேசும் முதியவர்கள் மிகச் சிலரே. ஆனால் 1861 இல் தொடங்கிய தனுந்தா லீடர்டாஃபல் என்ற பாடகர் குழு இன்னும் ஜேர்மனில் பாடுகிறது. தேவாலயம் இருக்கிறது, சமையல் இருக்கிறது, காணி இருக்கிறது. அகதியாக வந்த ஒரு சமூகம் 180 ஆண்டுகளில் எதைக் காப்பாற்றியது, எதை இழந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஐந்தொகை எனக்குத் தெரியாது.

நாங்கள் வந்து இன்னும் நாற்பது, ஐம்பது வருடங்கள்தான். எமது கணக்குப் புத்தகம் திறந்தே கிடக்கிறது. பாடசாலை விடுமுறையில் இரண்டு நாள் எடுத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். திரும்பும் வழியில் காரில் கதைக்க நிறைய இருக்கும். அடுத்த மாத உரையில் சந்திப்போம்.