வாய் மூடிய ஓர் எழுத்து

இரவு டியூட்டியில் ஒரு செவிலியர் வார்டு முழுக்கக் கேஸ் ஷீட் எழுதி முடிக்க வேண்டும். 'இரத்த அழுத்தம்' என்று ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதிக்கொண்டிருந்தால் நோயாளியைப் பார்ப்பது எப்போது? பி.பி., ஈ.சி.ஜி. போன்ற சுருக்கங்கள் அங்கே நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. படிப்பவர் யாருக்கும் குழப்பமும் இல்லை. சுருக்கமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

சீட்டு வேறு கைக்கு மாறும்போதுதான் சிக்கல். 'ஓ.டி.' என்றால் பொது மருத்துவருக்கு நாளைக்கு ஒரு வேளை; கண் மருத்துவருக்கு, லத்தீன் வழக்கப்படி, வலது கண். 'பி.ஐ.டி.' மகளிர் பிரிவில் கருப்பை சார்ந்த நோய்த்தொற்று. எலும்பு மருத்துவரிடம் முதுகில் டிஸ்க் பிதுங்கியிருப்பது.

எனக்குப் பெரிய கவலை இன்சுலின் சீட்டுதான். யூனிட் என்பதற்கு ஆங்கில 'யூ' மட்டும் போடும் பழக்கம் உண்டு. அவசரத்தில் அந்த எழுத்தின் திறந்த வாய் மூடிக்கொண்டால் அது பூஜ்ஜியம். 10 யூனிட் 100 ஆகிவிடும். சர்க்கரை சரசரவென இறங்கும், வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பும், உயிரும் போகலாம். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இருவகை இன்சுலின் இருப்பது இன்னொரு கண்ணி. 40-க்கான சிரிஞ்சில் 100-ஐ ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். எண்ணும் எழுத்தும் அங்கே பளிச்சென்று இருந்தாக வேண்டும்.

புள்ளியும் சும்மா இருப்பதில்லை. 5.0 மில்லிகிராமில் புள்ளி மங்கினால் 50. மைக்ரோகிராமின் கிரேக்கக் குறி 'எம்' போலத் தெரிந்தால் ஆயிரம் மடங்கு.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் எழுதக்கூடாத சுருக்கங்களைப் பட்டியலிட்டது. தனி 'யூ', கடைசிப் பூஜ்ஜியம், 'எம்.எஸ்.' எல்லாம் அதில் உண்டு. 'எம்.எஸ்.' மார்ஃபின் சல்பேட்டா, மெக்னீசியம் சல்பேட்டா? இங்கே மருத்துவக் கவுன்சில் 2016-இல் மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுதச் சொன்னது. மருந்தின் பெயருக்குக் காட்டும் அதே அக்கறையை அளவுக்கும் வேளைக்கும் காட்ட வேண்டும்.

1-0-1 என்று எழுதினால் மெடிக்கல் ஷாப்காரருக்கும் புரியும், வீட்டில் பாட்டிக்கும் புரியும்: காலை ஒன்று, இரவு ஒன்று. மூட்டுவாத மாத்திரை மெத்தோட்ரெக்ஸேட் அப்படியல்ல. வாரம் ஒரு முறை போட வேண்டியதைத் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையே பாழாகும். அந்தச் சீட்டில் 'திங்கட்கிழமை மட்டும்' என்று தமிழிலேயே, முழுதாக எழுதிக் கொடுங்கள்.