முதிய நோயாளியும் மருத்துவ மாணவரும்

2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10 கோடிக்கு அதிகமாவர். ஆயுள் நீண்டது மருத்துவ விஞ்ஞானமும் பொதுச் சுகாதாரமும் கண்ட வெற்றியாகும். ஆனால் நீண்ட ஆயுள் பெற்றவர் நோயுற்று வரும்பொழுது, அவரைப் பேணும் முறையை மாணவருக்கு எவ்வாறு கற்பிப்பது என்பது எளிதில் விடை காண இயலாத கேள்வி.

பாடநூல்கள் இருதயம், நுரையீரல், சிறுநீரகம் என உறுப்புக்களின் வரிசையில் நோய்களை விவரிக்கின்றன. முதியவரோ அவ்வரிசைப்படி நோயுறுவதில்லை. அவரிடம் நான்கைந்து குறைபாடுகள் ஒருங்கே இருக்கக்கூடும். நிமோனியா கண்ட முதியவருக்குக் காய்ச்சல் இல்லாதிருக்கலாம். மனக்குழப்பமே முதல் அறிகுறியாகத் தோன்றலாம். எனவே, நோயின் பெயரிலிருந்து தொடங்கும் கல்வியைக் காட்டிலும் நோயாளியின் பிரச்சினையிலிருந்து தொடங்கும் கல்வி இங்கு பெரிதும் பொருந்துகிறது.

இம்முறை கானடாவிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் உருவாயிற்று. அப்பள்ளி 1969ஆம் ஆண்டில் தன் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. விரிவுரையைக் கேட்டபின் நோயாளியைக் காண்பது பழைய வழக்கம். இங்கு பிரச்சினை முன்னே வருகிறது. பாடம் அதைத் தொடர்ந்து செல்கிறது.

உதாரணமாக, ஏழெட்டு மாணவர் கொண்ட குழுவினிடம் பின்வரும் விவரம் தரப்படுவதாகக் கொள்வோம். எழுபத்துநான்கு வயதான மூதாட்டி ஒருவர் இரவில் எழுந்து நடக்கையில் விழுந்துவிட்டார். இரத்த அழுத்தத்திற்கும் தூக்கமின்மைக்கும் மாத்திரைகள் உட்கொள்பவர், கண்புரையும் உண்டு. ஆசிரியர் விடை கூறுவதில்லை. நமக்குத் தெரிந்தது எது, தெரிய வேண்டியது எது என்று மாணவர்களே பட்டியலிட்டு, தம்முள் பகிர்ந்துகொண்டு படித்து, அடுத்த கூட்டத்தில் விளக்குகின்றனர்.

ஒருவர், படுத்த நிலையிலும் எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள்ளும் இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும் என்கிறார்; மேல் அளவு 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கினால் அது கருதத்தக்கது. மற்றொருவர், முதுமையில் உடற்கொழுப்பின் விகிதம் கூடுவதால் டயசிபாம் போன்ற தூக்க மருந்து உடலில் நெடுநேரம் தங்குவதை அறிந்து வருகிறார். தசை குறைந்தவரிடம் இரத்தக் கிரியேட்டினின் இயல்பாகத் தோன்றினும் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருக்கலாம் என்பது மூன்றாமவர் கொணரும் செய்தி. இரவில் விளக்கு இருந்ததா, வீட்டில் துணை யார் என்ற கேள்விகளும் எழுகின்றன.

இவ்வாறு ஆராயாமல், தலைசுற்றலுக்கென்று மேலும் ஒரு மாத்திரை எழுதித் தருவது எளிது. ஆனால் மூதாட்டி மீண்டும் விழக்கூடும். இடுப்பெலும்பு முறிந்தால், அதன்பின் பிறர் உதவியின்றி நடமாட இயலாதவர் பலர். மருந்தைக் கூட்டுவதைப் போலவே, குறைப்பதும் சிகிச்சையே என்பதை மாணவர் இங்கு தாமே உணர்கிறார்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. சிறு குழுக்களுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் பலர் தேவை. மேலும், தாளில் எழுதப்பட்ட நோயாளி செவி மந்தமானவரல்லர். தயங்கித் தயங்கிப் பேசுபவருமல்லர். ஆதலின் குழு விவாதத்துடன் படுக்கையருகில் பெறும் பயிற்சியும், இல்லத்திற்குச் சென்று காண்பதும் இணைய வேண்டும்.

இந்தியாவில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப் படிப்பு சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 2019ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் பொது மருத்துவத்தில் முதியோர் நலத்தையும் சேர்த்தது. சிறு குழுப் பயிற்சிக்கும் இடமளித்தது.

கிராம சுகாதார ஊழியரைப் பயிற்றுவோரும் இம்முறையைக் கையாளலாம். தம் பகுதியில் கண்ட ஒரு முதியவரின் இடர்ப்பாட்டை, பெயர் குறியாமல், குழுவின் முன் வைத்தலே போதும். விடையைச் சொல்ல விரையாமல், அவர்கள் கேள்வி கேட்கும்வரை பொறுத்திருப்பதே ஆசிரியரின் முதற் கடமையாகும்.