சபையில் கேட்கும் கேள்வி

மகஜர் எழுதுவதில் நம்மவர்களுக்கு இணை நம்மவர்களே. காரியாபட்டி வட்டாரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தைப் புரட்டினால், "மேலிடத்துக்கு விண்ணப்பித்துக் கொள்வதெனத் தீர்மானிக்கப்பட்டது" என்ற வாசகம் நாலைந்து இடங்களிலாவது கண்ணில் படும். நூல் வரவில்லை, கூலி உயரவில்லை, பயிர் இன்ஷூரன்ஸ் பணம் வந்து சேரவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்மானம். அதன் நகல் மந்திரிக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, சட்டசபை அங்கத்தினருக்கு ஒன்று. சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போதெல்லாம் இவற்றைப் படிப்பது எம்மைப் போன்றோரின் உத்தியோகத்தில் ஒரு பகுதி. பலவற்றுக்கு எதிரில் பதில் வந்ததற்கான குறிப்பே இராது.

மகஜரைப் பெற்றுக்கொண்டவர் அதைக் கட்டில் சேர்த்து வைத்துவிடலாம். அதே விஷயத்தை ஓர் அங்கத்தினர் சட்டசபையில் கேள்வியாகக் கொடுத்து, சபாநாயகரும் அதை அனுமதித்துவிட்டாரானால், காரியம் வேறாகிவிடுகிறது. சம்பந்தப்பட்ட மந்திரி எழுந்து நின்று பதில் கூறியாக வேண்டும். கூறிய பதில் அச்சேறிச் சபைக் குறிப்பில் நிலைத்து நிற்கும். தெரிந்தே தவறான தகவலைத் தந்தால் அது சபையின் உரிமையை மீறிய குற்றமாகும். நமது சங்கங்களில் இந்த வழியைப் பற்றிய ஞானம் மிகக் குறைவாக இருப்பதாலேயே இதனை எழுத நேர்ந்தது.

ஆட்சி புரிவோரைக் கேள்வி கேட்கும் உரிமை ஒரே நாளில் கிட்டியதன்று. இங்கிலாந்தில் 1721-ம் ஆண்டு, தென்கடல் கம்பெனி முறிந்து ஏராளமானோர் பொருளிழந்து நின்ற சமயத்தில், அந்தக் கம்பெனியின் தலைமைக் காசாளர் நாட்டைவிட்டு ஓடிப் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிடிபட்டது உண்மைதானா என்று கவுப்பர் பிரபு பிரபுக்கள் சபையில் வினவினார். பார்லிமெண்டுக் குறிப்புகளில் முதன்முதலாகப் பதிவான கேள்வி அதுவே. ஜனங்களின் பணம் போன இடத்தைத் தேடித்தான் அந்த முதற்கேள்வி பிறந்தது என்பது கூட்டுறவாளர்கள் கவனிக்கத்தக்கது. நமது நாட்டில் 1861-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சபைகளில் கேள்வி கேட்கவே இடமில்லை. 1892-ல் கேட்கலாம் என்றார்கள். பதிலின் மேல் துணைக் கேள்வி கூடாதென்றார்கள். 1909-ல், கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி போடலாம் என்று இளகினார்கள். 1919-ம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின்னரே எந்த அங்கத்தினரும் துணைக் கேள்வி எழுப்பும் உரிமை வந்தது. கூட்டுறவு இலாகா மாகாண சபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட மந்திரிகளின் வசம் வந்ததும் அந்தச் சட்டத்தினாலேதான். ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் அணு அணுவாகப் பெற்ற உரிமை இது.

துணைக் கேள்விக்கு அத்தனை மகத்துவம் ஏன் என்று அன்பர்கள் கேட்கலாம். முதற்கேள்விக்கான பதிலைக் காரியதரிசிகள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். துணைக் கேள்விக்கு மந்திரியே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் என்ன விளையும் என்பதற்கு 1957-ம் ஆண்டைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளையெல்லாம் சர்க்கார் ஏற்று ஒரே கார்ப்பொரேஷனாக அமைத்திருந்தது. 1957 ஜூனில் அந்தக் கார்ப்பொரேஷன், ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் ஆதிக்கத்திலிருந்த ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. முதலீடு செய்வதற்கென்று இருந்த கமிட்டியைக் கலந்துகொள்ளாமலே இது நடந்தது. அந்தப் பணம் யாருடையது? மாதந்தோறும் ஐந்தும் பத்துமாகப் பிரீமியம் கட்டிய குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் சிறு வியாபாரிகளும் சேர்த்து வைத்தது. மக்களவையில் இதுபற்றிக் கேள்வி எழுந்தபோது முதலில் வந்த பதில் பிடிகொடுக்காததாக இருந்தது. அங்கத்தினர்கள் விடவில்லை. டாக்டர் ராம் சுபக் சிங், பெரோஸ் காந்தி முதலியோர் மேலும் மேலும் கேட்டனர். டிசம்பரில் பெரோஸ் காந்தி விவரங்களை வரிசையாக அடுக்கிச் சபையில் பேசினார். அவர் ஆளுங் கட்சியைச் சேர்ந்தவர், பிரதம மந்திரி நேருவின் மருமகனும்கூட. எதிர்க்கட்சியினரே கேள்வி கேட்க வேண்டும் என்று எண்ணுவோர் இதை நினைவில் வைக்கலாம்.

பம்பாய் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி எம். ஸி. சாக்ளா தனியொருவராக விசாரணை நடத்தினார். விசாரணை பகிரங்கமாக நடந்தது. மண்டபத்துக்குள் இடமின்றி வெளியே நின்ற ஜனங்களுக்காக ஒலிபெருக்கி வைக்க வேண்டியதாயிற்று. ஒரு மாதத்துக்குள் வேலை முடிந்தது. தமக்குக் கீழுள்ள உத்தியோகஸ்தர் செய்த காரியத்துக்கும் மந்திரியே பொறுப்பாளி என்று சாக்ளா கூறினார். நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் ராஜிநாமாச் செய்தார். அவர் நம்மவர், சென்னையிலிருந்து சென்றவர், திறமைசாலியென்று பெயரெடுத்தவர். 1962-ல் மீண்டும் மந்திரி சபைக்குத் திரும்பினார். அவருடைய திறமையை இங்கே யாரும் குறைத்துப் பேசவில்லை. பிரீமியம் கட்டிய குமாஸ்தாவுக்கு டில்லியின் வாயிற்படியைத் தெரியாது. அவனுடைய பணத்துக்குக் கணக்குக் கேட்க ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

இனி, கேள்வி நமது வட்டாரத்துக்கு எவ்வாறு வந்து சேருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். சென்னையில் அனுமதிக்கப்பட்டதும் அது கீழ்நோக்கிப் பிரயாணம் தொடங்குகிறது. நெசவாளர் சங்கத்தைப் பற்றியதானால் கைத்தறித் துறை இயக்குநருக்கும், விவசாயக் கடன் சங்கத்தைப் பற்றியதானால் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளருக்கும் செல்லும். அங்கிருந்து ஜில்லாவுக்கு, ஜில்லாவிலிருந்து சரகத்துக்கு, சரகத்திலிருந்து இன்ஸ்பெக்டருக்கு. முன்பெல்லாம் தந்தியில் வந்தது. இப்போது கைப்பேசியில் வருகிறது. "சட்டசபை வினா, உடன் பதில் தேவை" என்ற இரண்டு சொற்றொடர்களுக்கு உள்ள சக்தி வேறெந்தச் சுற்றறிக்கைக்கும் கிடையாது. ஆறு மாதமாக அகப்படாதிருந்த பேரேடு அரைமணியில் அகப்பட்டுவிடும் அதிசயத்தை இத்தொழிலில் உள்ள அனைவரும் அறிவர். சங்கக் காரியதரிசிகள் இதை உபத்திரவமாகக் கருதுவதுண்டு. அங்கத்தினர்களின் பணம் எங்கே நிற்கிறது என்று அன்றைக்காவது ஒருவர் கூட்டிப் பார்க்கிறாரே, அது லாபமல்லவா?

கேள்விகளில் நட்சத்திரக் குறியிட்டவை வாய்மொழிப் பதிலுக்கு உரியவை; அவற்றின் மேல் துணைக் கேள்வி உண்டு. குறியிடாதவற்றுக்கு எழுத்தில் மட்டும் பதில் வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் பட்டியலில் ஏறுகின்றன. குறைந்தது 15 தினங்களுக்கு முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கேள்வி 150 வார்த்தைக்கு மேற்படாதிருத்தல் நலம். அதில் வாதம் கூடாது, ஏளனம் கூடாது, அபிப்பிராயம் கேட்கக் கூடாது, நியாயஸ்தலத்தில் நிலுவையிலிருக்கும் விஷயம் கூடாது. நமது மகஜர்களில் வாதமும் ஏளனமும் கண்ணீரும்தான் முக்கால் பங்கு. தொகையும் தேதியும் கடைசி வரியில் எங்கேனும் ஒளிந்திருக்கும்.

பயிர் இன்ஷூரன்ஸையே எடுத்துக்கொள்வோம். 2016-ம் ஆண்டு முதல் அமலிலுள்ள திட்டத்தில் விவசாயி கட்ட வேண்டிய பிரீமியம், காப்பீட்டுத் தொகையில் காரிப் பருவ உணவுப் பயிருக்கு நூற்றுக்கு 2, ரபிப் பருவத்துக்கு 1.5, பருத்தி போன்ற வாணிபப் பயிருக்கு 5. மீதிப் பிரீமியத்தை மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்காரும் பங்கிட்டுக் கட்டுகின்றன. நஷ்ட ஈடு தனித்தனி வயலைப் பார்த்து வருவதன்று. கிராமம் அல்லது பிர்க்காவை ஓர் அலகாக வைத்து, அங்கே நடத்தும் அறுவடைப் பரிசோதனைகளில் கிட்டிய மகசூலைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஆகவே "எங்கள் விவசாயிகளுக்கு நஷ்ட ஈடு கிடைக்கவில்லையே, சர்க்கார் என்ன செய்கிறது?" என்று கேட்டால், "உரியவர்களுக்கு விதிப்படி வழங்கப்பட்டு வருகிறது" என்ற ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடும். அதுவும் பதில்தான்.

கேள்வி இவ்வாறு இருக்கட்டும். இன்ன பருவத்தில், இன்ன பிர்க்காவில், மக்காச்சோளத்துக்குப் பிரீமியம் கட்டியவர்கள் எத்தனை பேர்? வசூலான தொகை எவ்வளவு? அறுவடைப் பரிசோதனைகள் எத்தனை, எந்தத் தேதிகளில் நடந்தன? சர்க்கார் தன் பங்கைக் கம்பெனிக்குச் செலுத்திய தேதி என்ன? சர்க்காரின் பங்கு தாமதமானால் நஷ்ட ஈடும் தாமதமாகும் என்பதால், கடைசியாகக் கேட்ட அந்தத் தேதியில்தான் பெரும்பாலும் நோய் இருக்கும். இந்த எண்களில் பாதி நமது கடன் சங்கத்தின் ரசீதுப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைத் திரட்டி அங்கத்தினர் கையில் கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

நெசவாளர்களுக்கும் அப்படியே. விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் 1983-ல் தொடங்கியது. கைத்தறிக்கு வேலை கிடைக்கிறதா என்று கேட்பதைக்காட்டிலும், இவ்வாண்டு மொத்தச் சேலையில் கைத்தறிச் சங்கங்களுக்கு எத்தனை லட்சம், விசைத்தறிச் சங்கங்களுக்கு எத்தனை லட்சம், அனுப்பிய சரக்குக்கு நிலுவை எவ்வளவு என்று கேட்பது மேல். நூலைப் பற்றிய கேள்வி சென்னையோடு நிற்காது. ஆலைகள் தங்கள் உற்பத்தியில் ஒரு பங்கைச் சிட்டமாகக் கட்டித் தர வேண்டும் என்ற நிபந்தனை மத்திய சர்க்காருடையது. அந்தப் பங்கு 2003-ல் நூற்றுக்கு 40 ஆகவும், 2019-ல் 30 ஆகவும் குறைக்கப்பட்டது. அதை மக்களவை அங்கத்தினரிடம்தான் கொண்டுபோக வேண்டும். சிவகாசிப் பக்கத்திலும் இதே குழப்பம் உண்டு. வெடிபொருள் மத்திய சர்க்காரின் அதிகாரத்தில் வருவது. தொழிற்சாலைப் பாதுகாப்பைப் பார்வையிடுவது ராஜ்ய சர்க்காரின் வேலை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நேர்ந்தது போன்ற கோர விபத்துக்களின்பின் எழும் கேள்விகளை இடமறிந்து கேட்காவிட்டால், இது எங்கள் பொறுப்பன்று என்று இரண்டு சபைகளிலும் சொல்லிவிட வழியுண்டு.

பதில் "பரிசீலனையில் உள்ளது" என்று வந்துவிட்டால் மனந்தளர வேண்டியதில்லை. கச்சேரியில் கேட்கும்போது அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமலிருக்கலாம். சபையில் மந்திரி கூறினால் அது வாக்குறுதியென்று கணக்கில் ஏறுகிறது. மக்களவையில் 1953 முதல் இதற்கென்றே ஒரு கமிட்டி இயங்குகிறது. வாக்குறுதியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டுமென்பது முறை. நமது சட்டசபையிலும் உறுதிமொழிக் குழு உண்டு. அக்குழுவினர் ஜில்லாக்களுக்கே வந்து, சொன்னது நடந்ததா என்று பார்ப்பது வழக்கம். மூன்று மாதம் எல்லாச் சமயத்திலும் மூன்று மாதமாகவே இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி நேரமே இல்லாமற்போன காலங்களும் உண்டு. 1962-ல் சீன யுத்தத்தின்போதும், 1975-ல் பிரகடனமான அவசர நிலையின்போதும் அது நிறுத்தப்பட்டது. 2020 செப்டம்பரில் கொள்ளை நோயைக் காரணங்காட்டி மீண்டும் கைவிட்டார்கள். எழுத்துப் பதில்கள் மட்டும் நின்றன. ஊரடங்கில் வெளியூர்த் தொழிலாளர்கள் எத்தனை பேர் மாண்டார்கள் என்ற கேள்விக்கு, அப்படியொரு கணக்கு வைக்கப்படவில்லை என்று தொழிலாளர் இலாகா எழுதிக் கொடுத்தது. எழுந்து, "ஏன் வைக்கவில்லை?" என்று துணைக் கேள்வி கேட்க அன்று ஒருவருக்கும் இடமில்லை.

கடைசியாக, நமது பகுதிக்கே உரிய ஒரு சங்கடம். காரியாபட்டி திருச்சுழித் தொகுதியில் அடங்கியது. 2021-ம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் அத்தொகுதியின் அங்கத்தினர் தங்கம் தென்னரசு மந்திரியானார். அருப்புக்கோட்டையின் அங்கத்தினர் கே. கே. எஸ். எஸ். ஆர். இராமச்சந்திரனும் மந்திரியானார். பயிரிடுவோரும் நெசவாளரும் நிறைந்த இரண்டு அண்டைத் தொகுதிகளுக்குச் சேர்ந்தாற்போல் வந்த கௌரவம். ஆனால் மந்திரியானவர் பதில் சொல்வார், கேள்வி கேட்கமாட்டார். ஆகவே ஜில்லாவின் ஏழு தொகுதிகளில் நமக்கு மிகவும் வேண்டிய இரண்டிலிருந்து கேள்வி எழ வழியில்லாமற்போயிற்று. ஓர் அங்கத்தினர் தம் தொகுதியைப் பற்றித்தான் கேட்க வேண்டும் என்று விதி கிடையாது. சாத்தூர், விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அங்கத்தினர்களில் எவரும் காரியாபட்டிப் பிர்க்காவின் மக்காச்சோளத்தைப் பற்றிக் கேட்கலாம். இப்படியொரு நிலை எப்போது நேர்ந்தாலும், விவரங்களை இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றைத் தம் தொகுதி மந்திரியிடமும் மற்றொன்றை அடுத்த தொகுதி அங்கத்தினரிடமும் சங்கத் தலைவர்கள் கொடுத்து வைப்பது நல்லது. மானியக் கோரிக்கைகள் விவாதத்துக்கு வரும் பட்ஜெட் கூட்டத் தொடருக்கு ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும்.