ஆர்மோனியத்தில் ஒரு தகடு, பைக்கிலும் ஒரு தகடு

தெருமுனையில் வண்டி திரும்புவதற்கு முன்பே, கண்ணால் பார்க்காமலே, "ஆர்எக்ஸ் 100 வருது" என்று சொல்லிவிடும் அண்ணன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எத்தனையோ பைக்குகள் ஓடும் தெருவில் அதன் ஓசை மட்டும் எப்படித் தனியாகத் தெரிகிறது? அந்த ஓசைக்குள் நிறைய அறிவியல் இருக்கிறது. வாருங்கள், எஞ்சினைப் பிரித்துப் பார்ப்போம்.

ஆர்எக்ஸ் 100, ஜப்பானின் யமஹா நிறுவனம் வடிவமைத்த வண்டி. இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அதை 1985 முதல் 1996 வரை தயாரித்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 1984-இல், நம் ஓசூரிலிருந்து சுசுகியின் 100 சிசி வண்டி வெளிவந்தது. முப்பது, நாற்பது வயதாகிவிட்ட இத்தகைய ஜப்பானிய வண்டிகளைத் தேடி வாங்கி, வீட்டு முற்றத்திலேயே பிரித்து, துரு நீக்கி, மறுபடி ஓட வைப்பதில் ஆர்வம் கொண்டவர்கள் உலகெங்கும் உண்டு. அவர்கள் செய்வதை ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும், இயற்பியலும் வேதியியலும் கண்முன்னே நடக்கும்.

பழுது பார்க்கப் போனவர்

ஜப்பானில் ஹமமட்சு என்று ஒரு நகரம். யமஹா, சுசுகி, ஹோண்டா மூன்றும் தொடங்கிய இடம் அதுதான். சுசுகி முதலில் துணி நெய்யும் தறிகளைச் செய்தது. ஹோண்டாவின் தொடக்கம் இன்னும் சுவையானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1946-இல், சோய்ச்சிரோ ஹோண்டா சில சிறிய எஞ்சின்களை வாங்கினார். ராணுவம் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கப் பயன்படுத்திய எஞ்சின்கள் அவை. ஒன்றை ஒரு சைக்கிளில் பொருத்திப் பார்த்தார். பெட்ரோல் டேங்க் வேண்டுமே? வீட்டில் இருந்த வெந்நீர்க் குடுவையையே டேங்க் ஆக்கிவிட்டார்!

யமஹாவின் கதை ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. 1887-இல் ஹமமட்சுவின் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆர்கன் என்ற இசைக்கருவி பாடாமல் நின்றுவிட்டது. மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கும் தொழிலில் இருந்த டொரகுசு யமஹாவை அழைத்தார்கள். அவர் அதைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்தார். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தெரிந்ததும், நாமே ஒன்று செய்யலாமே என்று தோன்றியது. செய்தார். அதைக் கழியில் கட்டி, தோழர் ஒருவரோடு தோளில் சுமந்து, ஹகோனே மலையைக் கடந்து, டோக்கியோவின் இசைப் பள்ளிவரை நடந்தே கொண்டுபோனார். கேட்டுப் பார்த்த ஆசிரியர்கள் சுருதி சேரவில்லை என்றார்கள். அவர் சோர்ந்து ஊர் திரும்பவில்லை. அங்கேயே தங்கி சுருதி சேர்க்கும் முறையைப் படித்தார். பிறகு செய்த ஆர்கன் சரியாகப் பாடியது.

அந்த இசைக்கருவி நிறுவனத்திலிருந்துதான் 1955-இல் யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. யமஹா வண்டியின் சின்னத்தைக் கூர்ந்து பாருங்கள். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் இசைக்கவைகள் மூன்று அதில் இருக்கும்.

காற்று தள்ளும் கதவு

ஆர்கனிலும், அதன் உறவான நம் ஆர்மோனியத்திலும் ஒலியை எழுப்புவது எது? ஒரு முனை பொருத்தப்பட்டு, மறுமுனை அசையும் மெல்லிய உலோகத் தகடு. ஆங்கிலத்தில் ரீடு என்பார்கள். துருத்தியின் காற்று பட்டதும் தகடு அதிரும், சுரம் பிறக்கும்.

ஆர்எக்ஸ் 100-இல் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றினால், அதற்குப் பின்னால் எஞ்சினின் வாசலில் மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். இவற்றுக்கும் ரீடு என்றே பெயர். ஆனால் இங்கே பாடுவது அவற்றின் வேலை இல்லை. உள்ளே வருபவரை விட்டு, வெளியே போகிறவரைத் தடுக்கும் ஒருவழிக் கதவு வேலை.

எப்படி என்று பார்ப்போம். பிஸ்டன் சிலிண்டரில் மேலே ஏறுகிறது. அதற்குக் கீழே உள்ள அறையில் இடம் பெரிதாகிறது, அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தமோ குறையவில்லை. அது தகட்டைத் தள்ளித் திறந்துகொண்டு, பெட்ரோல் துளிகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது என்று நாம் சொன்னாலும், உண்மையில் நம்மைச் சுற்றியிருக்கும் வளிமண்டலம்தான் காற்றை உள்ளே தள்ளுகிறது.

பிஸ்டன் கீழே இறங்கும்போது அறை சுருங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது, தகடு சட்டென்று மூடிக்கொள்கிறது. வந்த கலவை திரும்பிப் போக வழியில்லை. சிலிண்டரின் பக்கச் சுவரில் உள்ள வழிகளில் ஏறி, பிஸ்டனுக்கு மேலே போகிறது. அடுத்து பிஸ்டன் ஏறும்போது அந்தக் கலவை அழுத்தப்படுகிறது. பிளக்கில் பொறி பறக்கிறது. கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே, அதற்குள் ஒரு வெடிப்பு. இதுதான் டூ ஸ்ட்ரோக். இன்றைய பைக்குகளில் இருக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு.

இப்போது ஒரு கணக்கு. ஆர்எக்ஸ் 100 தன் முழு வலிமையைக் காட்டுவது நிமிடத்துக்கு 7,500 சுற்றில். 60-ஆல் வகுத்தால் வினாடிக்கு 125 சுற்று. அதாவது வினாடிக்கு 125 வெடிப்பு! அதே வேகத்தில் சுற்றும் ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் வினாடிக்கு 62 அல்லது 63 வெடிப்புதான். வினாடிக்கு எத்தனை அதிர்வு என்பதைப் பொறுத்துத்தானே சுருதி? அதிர்வு இரண்டு மடங்கானால் அதே சுரம் மேல் ஸ்தாயிக்கு ஏறும். தெருமுனையில் அந்த ஓசை தனித்துத் தெரிவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இன்னொரு கணக்கு உங்களுக்கு. இந்தச் சிலிண்டரின் உள்விட்டம் 5 செ.மீ. பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரமும் 5 செ.மீ. உருளையின் கன அளவு கண்டுபிடிக்கும் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். 98 கன சென்டிமீட்டர் வரும். பெயரில் 100 இருந்தாலும் உள்ளே இருப்பது 98 சிசி.

செய்து பாருங்கள்

ஒரு காலி அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போடுங்கள். பெட்டியின் உட்புறத்தில், அந்த ஓட்டையை மூடும்படி ஒரு சிறு காகிதத்தை வைத்து, அதன் மேல் விளிம்பை மட்டும் ஒட்டுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஓர் உறிஞ்சுகுழாயைச் செருகி, இடுக்குகளை ஒட்டி மூடிவிடுங்கள். குழாய் வழியே உறிஞ்சினால் காகிதம் திறந்து காற்று வரும். ஊதினால் காகிதம் ஓட்டையை மூடிக்கொள்ளும். ரீடு வால்வு தயார்.

அடைபட்ட ஜெட்

பல காலம் நின்ற வண்டி, கிக்கரை எத்தனை முறை உதைத்தாலும் கிளம்பாது. பெரும்பாலும் கோளாறு கார்புரேட்டரில் இருக்கும். அதன் அடியில் ஒரு சிறு கிண்ணம். அதில் ஒரு மிதவையும் ஊசியும் இருக்கின்றன. உங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து, தொட்டி நிறைந்ததும் குழாயை அடைக்கிறதல்லவா? அதே வேலையை இந்த மிதவை பெட்ரோலுக்குச் செய்கிறது. கிண்ணத்திலிருந்து பெட்ரோல், ஜெட் என்னும் பித்தளைத் துண்டின் நுண்ணிய துளை வழியே மேலே வருகிறது. மேலே குறுகலான பாதையில் காற்று வேகமாகப் பாய்கிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். அந்தக் குறைந்த அழுத்தத்தால் பெட்ரோல் மேலேறித் தூறலாகச் சிதறுகிறது.

நின்றுபோன வண்டியில் பெட்ரோல் மெல்ல ஆவியாகி, பிசுபிசுப்பான படிவை விட்டுச் செல்கிறது. அது ஜெட்டை அடைத்துவிடுகிறது. கம்பியை விட்டுக் குத்தினால் என்ன? நல்ல மெக்கானிக் செய்ய மாட்டார். துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு அகன்றால் அதன் பரப்பு 1.1 × 1.1 = 1.21, அதாவது 21 சதவீதம் கூடிவிடும். பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாயும், பிளக்கில் கரி படியும். அதனால்தான் கரைப்பானில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்கிறார்கள்.

துருவும் திருகும்

டேங்கைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே செம்பழுப்பு நிறம். இரும்பு, ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து துருவாகிவிட்டது. டேங்கைக் கழற்றி, பெட்ரோல் துளியும் இல்லாமல் கழுவி, வினிகரை நிரப்பி ஊறவைப்பார்கள். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் துருவைக் கரைக்கும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, மிச்ச அமிலத்தைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். உடனே உலர்த்தி, உள்ளே ஆயில் பூச வேண்டும். ஈரமாக விட்டால் புதுத் துரு விரைவில் பிடித்துவிடும்.

பழைய ஜப்பானிய வண்டிகளில் இன்னொரு நுட்பம் உண்டு. அவற்றின் நட்சத்திரத் தலை ஸ்குருக்கள் ஜப்பானின் தனி அளவுமுறைப்படி செய்யப்பட்டவை. பலவற்றின் தலையில் அடையாளமாக ஒரு சிறு புள்ளி இருக்கும். கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளி அவற்றின் அடிவரை சரியாக உட்காராது. பலமாகத் திருகினால் நழுவி, தலையைத் தின்றுவிடும். அளவுக்கேற்ற திருப்புளி இருந்தால் அதே ஸ்குரு அடக்கமாகக் கழன்றுவரும்.

இறுகிப்போன பேரிங்கை எடுக்க வெப்பம் உதவுகிறது. எஞ்சின் கூடு அலுமினியம், பேரிங் எஃகு. ஒரே அளவு சூடேற்றினால் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கூடு தளர்ந்து பேரிங்கை விட்டுவிடும்.

புகையைப் பற்றியும் பேச வேண்டும்

இத்தனை அருமையான எஞ்சின் ஏன் நின்றுபோனது? டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புதுக் கலவை உள்ளே வரும்போது, புகை வெளியேறும் வாசலும் திறந்தே இருக்கிறது. எரியாத பெட்ரோலில் கொஞ்சம் அதன் வழியே தப்பிப் போய்விடுகிறது. உராய்வைத் தடுக்கச் சேர்க்கும் ஆயிலும் பெட்ரோலோடு எரிந்து நீலப் புகையாகிறது. நம் நுரையீரலுக்கு அது கெடுதி. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் அந்த இடத்தைப் பிடித்தன. அது சரியான முடிவுதான். பழைய வண்டியைப் பாதுகாக்கலாம், அதனிடமிருந்து கற்கலாம். அன்றாடப் பயணத்துக்குப் புகை குறைந்த வண்டியே நல்லது.

மூன்று கேள்விகள்

கிளம்பாத எஞ்சினிடம் கேட்க வேண்டியவை மூன்றே. பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலந்து வருகின்றனவா? அந்தக் கலவை நன்றாக அழுத்தப்படுகிறதா? சரியான நேரத்தில் பொறி வருகிறதா? கழற்றிய பிளக்கே பாதி பதிலைச் சொல்லிவிடும். முனை இளம் பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளிறிப்போயிருந்தால் பெட்ரோல் குறைவு.

ஒன்று மட்டும் கவனம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். சிறு பொறி போதும், பற்றிக்கொள்ளும். எஞ்சின், பெட்ரோல், அமிலம் சம்பந்தப்பட்ட எந்த வேலையையும் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், அதுவும் திறந்த வெளியில். உங்கள் வேலை வேறு. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் எந்த வரிசையில் வந்தது என்று எழுதுங்கள், படம் வரையுங்கள், ஸ்குருக்களைத் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டுப் பெயர் ஒட்டுங்கள்.

ஒரு விதியைப் பெரியவர்களுக்கு நினைவூட்டுவதும் உங்கள் பொறுப்பு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். பிளக்கையும் மாற்றி, ஜெட்டையும் மாற்றி, ஆயிலையும் மாற்றினால் வண்டி ஓடலாம். ஆனால் எதனால் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றை மாற்றி, விளைவைக் குறித்து, பிறகு அடுத்ததற்குப் போனால் காரணம் கையில் கிடைக்கும். ஆய்வகத்தில் விஞ்ஞானிகள் கடைப்பிடிப்பதும் இதே விதியைத்தான். உங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் ஓய்வான நேரம் பார்த்துப் போய், "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேளுங்கள். தன் வேலையை நேசிக்கும் ஒருவருக்கு இதைவிடப் பிடித்த கேள்வி இருக்காது.